வெள்ளையடித்தவரின் மியூசியம்

ஆம்ஸ்டர்டாமுக்கு வருகிற நம் ஆட்கள் ரைக்ஸ் மியூசியத்துக்குப் போய் ரெம்பிராண்டைப் பார்த்துவிடுவார்கள். வான்கோ மியூசியத்துக்கு ஊரில் இருக்கும்போதே டிக்கெட் போட்டிருப்பார்கள். இரண்டையும் முடித்துவிட்டு, அதே சதுக்கத்தில் நிற்கிற மூன்றாவது கட்டடத்தின் முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு ட்ராம் ஏறிவிடுவார்கள். அந்த மூன்றாவது கட்டடம்தான் ஸ்டேடலக் மியூசியம், ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் நவீன ஓவிய, சிற்ப, வடிவமைப்புக் காட்சியகம். அதைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். நான் ஆம்ஸ்டல்வேனில் குடியிருக்கிறேன், 5-ஆம் நம்பர் ட்ராம் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது, மியூசியம் கார்டும் கையில் இருக்கிறது. அதனால் மழை பெய்கிற சனிக்கிழமைகளில் என் கால் தானாக அங்கே போய்விடும். இந்த ஊரில் மழை பெய்யாத சனிக்கிழமை குறைவு.

சதுக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு முதலில் தெரிவது புதிய பகுதிதான். வழவழவென்று ஒரே வெள்ளையாக, ஜன்னலே இல்லாத ஒரு பெரிய உருவம், கீழே கண்ணாடிச் சுவர் இருக்க, அதற்கு மேலே தரையைத் தொடாமல் மிதக்கிற மாதிரி நிற்கும். அதன் மேல் விளிம்பு வெளியே நீண்டு சதுக்கத்தில் ஒரு பாகம் வரைக்கும் கூரையாகிறது. ஊர்க்காரர்கள் இதைக் குளியல் தொட்டி என்றே கூப்பிடுகிறார்கள். அதற்குப் பின்னால் 1895-இல் திறந்த பழைய கட்டடம். சிவப்புச் செங்கல், நடுநடுவே வெளிர்நிறக் கல் பட்டைகள், படிப்படியாக ஏறுகிற முகப்பு, மாடங்களில் பழைய டச்சுக் கலைஞர்களின் சிலைகள், உச்சியில் சின்ன மணிக்கூண்டு. நகராட்சியின் கட்டடக் கலைஞர் வைஸ்மன் கட்டியது. 2012 செப்டம்பரில் புதுப் பகுதியோடு மறுபடி திறந்தபோது இந்த ஜோடியைச் சில விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கல்யாண வீட்டில் பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ரெயின்கோட் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவியும் முதல் தடவை சொன்னாள். எனக்கு அது பார்த்த உடனே பிடித்துவிட்டது. பழையதைப் பார்த்து நகல் எடுக்காமல், அதே சமயம் அதன் ஒரு செங்கல்லையும் மறைத்துப் பூசாமல், முழுசாக விட்டுவிட்டுப் பக்கத்தில் தன் உடம்போடு நிற்கிறதே, அது மரியாதை என்றுதான் எனக்குத் தோன்றியது.

போன கோடையில் என் மாமனார் எங்களோடு வந்து தங்கியிருந்தார். பொதுப்பணித்துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நவீன ஓவியம் என்றால் ஆர்வம் கிடையாது, ஆனால் கட்டடம் என்றால் சோற்றை மறந்துவிடுவார். வெள்ளைச் சுவருக்குக் கீழே நின்று, கழுத்தை அண்ணாந்து, இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"மாப்பிள்ளை, எவ்வளவு நீளம் இருக்கும் இது?"

"நூறு மீட்டர் வரும் மாமா."

"இவ்வளவு நீளத்துக்கு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் ஒண்ணுகூடக் காணோமே. வெயிலுக்கு விரியாதா? வெடிச்சிராது?"

அந்தக் கட்டடத்தைப் பற்றி இதுவரை நான் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் சரியான கேள்வி. பதிலும் அழகானது. அந்தத் தோல் காங்கிரீட்டும் இல்லை, தகரமும் இல்லை. குண்டு துளைக்காத உடுப்பில் போடுகிற அராமிட் வகை இழையான ட்வாரானையும் கார்பன் இழையையும் பிசினில் தோய்த்துச் செய்த பலகைகள். மொத்தம் சுமார் 3,000 சதுர மீட்டர். சாதாரணக் கட்டடப் பொருளெல்லாம் வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும், அதனால்தான் நடுவே இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும். இந்தக் கலவை விரிவது மிகமிகக் குறைவு. ஆகவே பலகைகளை மாட்டி, சந்துகளை நிரப்பி, தேய்த்து, மேலே வெள்ளை பெயின்ட் அடித்ததும் ஒரே துண்டு போல ஆகிவிட்டது. கட்டடத்தில் இவ்வளவு பெரிய பரப்புக்கு இந்தப் பொருளை அதற்கு முன் யாரும் போட்டதில்லை. மாமா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கிட்டே போய், விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

இதைக் கட்டியது பெந்தம் க்ரௌவல் என்ற ஆம்ஸ்டர்டாம் நிறுவனம். அதில் மெல்ஸ் க்ரௌவல் என்பவரின் அப்பா விம் க்ரௌவல், டச்சு வரைகலையில் பெரிய பெயர். 1960-களில் தொடங்கி இருபது வருஷம் போல இதே ஸ்டேடலக்கின் போஸ்டர்களையும் கேட்டலாக்குகளையும் வடிவமைத்தவர் அவர்தான். அப்பா காகிதத்தில் செய்த மியூசியத்துக்கு மகன் கட்டடம் கட்டினார். அந்தப் போஸ்டர்களின் சுத்தமான, அலங்காரமில்லாத கோடுகளைத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொட்டியின் வளைவு எங்கிருந்து வந்தது என்று உடனே பிடிபடும்.

உள்ளே போனால் இன்னொன்று. கண்ணாடிக் கூடத்தில் டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்கும்போது நமக்கு எதிரே நிற்பது பழைய கட்டடத்தின் முதுகு. நூறு வருஷத்துக்கும் மேலே மழையும் பனியும் பட்ட வெளிச்சுவர், இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. செங்கல்லை ஒரு ஜாண் தூரத்தில் இருந்து பார்க்கலாம், அதன் சாந்துக் கோடுகளை எண்ணலாம். 2012-க்கு முன்னால் மியூசியத்தின் வாசல் மறுபக்கம், பவுலுஸ் போட்டர் தெருவில் இருந்தது. சதுக்கத்துக்கு அது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வாசலைத் திருப்பி ஜனங்கள் இருக்கிற பக்கம் வைத்ததுதான் இந்த விரிவாக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பக்கத்தில் சூப்பர் மார்க்கெட்டின் கூரை புல் சரிவாகச் சாய்ந்து இறங்குகிறது. அதில் பிள்ளைகள் உருளுகிறார்கள், பெரியவர்கள் சாண்ட்விச் தின்கிறார்கள். அந்த இரைச்சல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்துகொண்டே இருக்கும்.

சரி, ஆனால் இந்தக் கட்டடத்தில் நடந்த பெரிய வேலை 2012-இல் நடந்தது என்று நான் நினைக்கவில்லை. அது 1938-இல் நடந்தது. செலவு மிகக் குறைவு. பெயின்ட் டப்பாவும் பிரஷும் மட்டும்.

அதற்கு முன்னால் இது என்ன மாதிரி இடம் என்று தெரிந்தால்தான் அது புரியும். சோஃபியா அட்ரியானா டி ப்ரௌன் என்ற பணக்கார விதவை, தன் நகைகள், கடிகாரங்கள், நாணயங்கள், பழைய வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் 1890-இல் நகரத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அதை வைக்க இடம் வேண்டும், நகரத்துக்கும் ஒரு காட்சியகம் வேண்டும் என்ற யோசனை ஏற்கெனவே இருந்தது, இரண்டும் சேர்ந்துதான் இந்தக் கட்டடம். தொடக்கத்தில் உள்ளே கடிகாரங்களும், பழங்கால அறைகளை அப்படியே பெயர்த்து வைத்த அறைகளும், பழைய நகரக் காவல்படையின் நினைவுப் பொருட்களும், மருந்துக்கடைச் சாமான்களும் இருந்தன. படிக்கட்டுக் கூடத்தில் பல நிறச் செங்கல், கண்ணைப் பறிக்கிற அலங்காரம். ஓவியம் மாட்டினால் சுவர் அதோடு சண்டை போடும். வான்கோ குடும்பத்தின் ஓவியத் தொகுப்பும் 1930 தொட்டு இங்கேதான் இரவலாக இருந்தது. 1973-இல் பக்கத்தில் தனி மியூசியம் கட்டிய பிறகுதான் அது நகர்ந்தது. அந்தச் சூரியகாந்திகளுக்கே ரொம்ப காலம் இதுதான் வீடு.

இந்த இடத்துக்கு வில்லெம் சாண்ட்பெர்க் வந்தார். வரைகலைஞர், அச்சுக்கலை தெரிந்தவர், துணை இயக்குநர். 1938-இல் உள்ளே இருந்த அந்த வண்ணச் செங்கல்லை எல்லாம் வெள்ளையடித்துவிட்டார். இன்றைக்கு உலகத்தில் எந்த நவீன ஓவியக் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் வெள்ளைச் சுவர்தான் இருக்கும், அதனால் நமக்கு அதில் அதிசயமே தெரியாது. அன்றைக்கு ஒரு நகராட்சிக் கட்டடத்தின் விலை உயர்ந்த அலங்காரத்தின் மேல் வெள்ளை அடிக்கிறதென்றால் அது துணிச்சல்தான். நான் பழைய பொருளை மதிக்கிறவன், பழைய வேலைப்பாட்டின் மேல் பெயின்ட் அடித்தால் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் சாண்ட்பெர்க் பக்கம். வைஸ்மன் கட்டிய அறைகளின் அளவு, மேலே இருந்து இறங்குகிற வானத்து வெளிச்சம், ஒரு வாசல் வழியாக அடுத்த வாசல், அதன் வழியாக இன்னொரு வாசல் என்று நீளுகிற வரிசை, இவையெல்லாம் வெள்ளை அடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தன. நல்ல அறைகள் அலங்காரத்துக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன, அவர் வெளியே எடுத்தார்.

சாண்ட்பெர்க் கதை அதோடு முடியவில்லை. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது அங்கே ஓவியங்களை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்கப் போனார். திரும்பி வந்ததும், நமக்கும் இது வரும் என்று சொல்லி, காஸ்ட்ரிக்கம் ஊருக்குப் பக்கத்தில் கடலோர மணல்மேட்டுக்குள் ஒரு பதுங்கு அறையைக் கட்ட வைத்தார். மியூசியத்தின் ஓவியங்கள் அதற்குள் போயின. ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தையும் கொஞ்ச காலம் அங்கேதான் வைத்திருந்தார்கள். 1940 மே மாதம் ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்தார்கள்.

அப்புறம் நடந்ததை நான் படிக்கும்போதெல்லாம் இந்த மனிதர் மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு அட்டை, அதில் பெயர், முகவரி, மதம். யூதர்களைத் தேடிப் பிடிக்க ஜெர்மானியர்களுக்கு இந்த அட்டைகள்தான் வழிகாட்டி. எதிர்ப்புக் குழுவினர் போலி அடையாள அட்டை செய்து கொடுத்தார்கள், அதில் சாண்ட்பெர்க்கும் ஒருவர். ஆனால் எவ்வளவு நேர்த்தியாகப் போலி செய்தாலும், பதிவு அலுவலகத்து அட்டையோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே அந்த அலுவலகத்தையே கொளுத்துவது என்று முடிவு செய்தார்கள். திட்டம் போட்டதில் பாதிப்பேர் கலைஞர்கள். 1943 மார்ச் 27 இரவு, போலீஸ் உடுப்பில் போய், காவலர்களை மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, பின்பக்கத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். காவலர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. தீயணைக்க வந்தவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் தேவைக்கு அதிகமாகத் தண்ணீர் அடித்து மிச்ச அட்டைகளையும் ஊற வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, ஜூலை 1-ஆம் தேதி 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சாண்ட்பெர்க் தப்பினார். அவருடைய மனைவியையும் மகனையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர் போர் முடிகிற வரைக்கும் வேறு பெயரில் ஊர் ஊராக ஒளிந்திருந்தார். ஒளிந்திருந்த இடத்தில் என்ன செய்தார் என்றால், கிடைத்த காகிதத்தைக் கிழித்து ஒட்டி, கையால் எழுத்து வரைந்து, சின்னச் சின்னப் புத்தகங்கள் செய்துகொண்டிருந்தார்.

1945-இல் அவரைத்தான் மியூசியத்துக்கு இயக்குநராக்கினார்கள். 1962 வரைக்கும் இருந்தார். நூற்றுக்கணக்கான கேட்டலாக்குகளையும் போஸ்டர்களையும் தன் கையாலேயே வடிவமைத்தார், பொட்டலம் கட்டுகிற காக்கிக் காகிதமும் கிழிந்த ஓரமும் சிவப்பும் அவர் அடையாளம். சினிமா, போட்டோ, நாற்காலி, பானை எல்லாம் மியூசியத்துக்குள் வரலாம் என்றார். 1949-இல் கோப்ரா என்ற இளம் ஓவியர் குழுவினரைக் கூப்பிட்டுக் காட்சி வைத்தபோது பத்திரிகைகள் கிறுக்கல் என்று பாய்ந்தன. அந்தக் குழுவில் ஒருவரான காரெல் அப்பெல் அதே வருஷம் நகராட்சி அலுவலகச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் குழந்தைகளை வரைந்தார். பார்த்துக்கொண்டே சாப்பிட முடியவில்லை என்று ஊழியர்கள் புகார் சொன்னதும் அதன் மேல் சுவர்க் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டார்கள். சாண்ட்பெர்க் என்ன செய்தார் தெரியுமா? 1951-இல் தன் மியூசியத்தின் காப்பி அறைச் சுவரை அப்பெலிடம் கொடுத்து, வரையுங்கள் என்றார். மறைத்ததும் நகராட்சி, கொடுத்ததும் நகராட்சியின் மியூசியம். அப்பெல் சுவர், கூரை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். அந்த அறைக்குள் இன்றைக்குப் போனாலும் மீனும் பறவையும் கண்ணுமாகப் பெயின்ட் இப்போதுதான் காய்ந்த மாதிரி இருக்கும்.

1954-இல் ஒரு புதுப் பகுதியும் கட்டினார். இரண்டு பக்கமும் கண்ணாடி. தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் உள்ளே என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்கட்டும், உள்ளே இருப்பவர்கள் தெருவைப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் பகுதி இப்போது இல்லை. இன்றைய விரிவாக்கத்துக்கு இடம் வேண்டும் என்று இடித்துவிட்டார்கள். இந்த மியூசியத்தின் மேல் எனக்கு உள்ள பெரிய மனக்குறை இதுதான். 1895-ஆம் வருஷத்துச் செங்கல்லைக் காப்பாற்ற எல்லோரும் வருவார்கள், 1954-ஆம் வருஷத்துக் கண்ணாடிக்கு ஆள் கிடையாது. ஐம்பது வயதுக் கட்டடம் எப்போதும் பாவம், பழமை என்று கும்பிடவும் முடியாது, புதுசு என்று கொண்டாடவும் முடியாது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, வெப்பமும் ஈரமும் ஒரே அளவில் வைக்க வேண்டிய ஓவியத்துக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டால் மெயின்டனன்ஸ்காரன் செத்தான் என்று இடித்தவர்கள் பக்கம் பேசினார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை.

2004 தொடக்கத்தில் மூடியது 2012-இல்தான் முழுசாகத் திறந்தது. நடுவில் பல வருஷம் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய தபால் கட்டடத்தில் குடித்தனம். கட்டட வேலை எடுத்த நிறுவனம் பாதியில் திவாலானது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, கட்டட வேலை எங்கேயும் கட்டட வேலைதான்.

இப்போது உள்ளே நடந்து பார்த்தால், பழைய பகுதியில் இருந்து புதிய பகுதிக்குப் போகும்போது கால் தடுக்காது. தரை ஒன்று, சுவர் வெள்ளை ஒன்று. மேல்மாடியில் நான்கைந்து அறை தாண்டிய பிறகு, இது எந்தக் கட்டடம் என்று கூரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். வானத்து வெளிச்சம் விழுகிற கண்ணாடிக் கூரை இருந்தால் வைஸ்மன். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கிற இரண்டும் உள்ளே ஒரே வீடாகிவிட்டன, ஆக்கியது அந்த 1938-ஆம் வருஷத்து வெள்ளை. க்ரௌவல் தன் தொட்டிக்கு வெள்ளையைத் தேர்ந்தெடுத்ததும் அதை மனதில் வைத்துத்தான். சாண்ட்பெர்க் உள்ளே அடித்ததை இவர் வெளியே அடித்தார்.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிலத்தடியில் ஒரு பிரம்மாண்டமான காட்சிக்கூடம், 1,100 சதுர மீட்டர், நடுவில் தூணே கிடையாது. அங்கிருந்து மேலே தொட்டிக்குள் இருக்கிற கூடத்துக்குப் போக ஒரு மூடிய மஞ்சள் குழாய்க்குள் எஸ்கலேட்டர் வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கூடத்தின் ஊடாகவே அது போகிறது, ஆனால் உள்ளே இருப்பவருக்குக் கூடமும் தெரியாது, சதுக்கமும் தெரியாது. காட்சியில் மூழ்கியவரின் கவனம் கலையக் கூடாது என்பது யோசனை. கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்க்கட்டும் என்றவரின் மியூசியத்தில் இந்தக் குழாய் எனக்கு உறுத்துகிறது. நான் படியில்தான் ஏறுவேன்.

உள்ளே இருக்கிற பொருட்களில் எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை, எது எங்கே மாட்டியிருக்கும் என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அமெரிக்கக் கலைஞர் எட்வர்ட் கீன்ஹோல்ஸ் 1965-இல் செய்த 'பீனரி' திறந்திருக்கும் நாளில் போனால் விடாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஒரு மதுக்கடையை, நிஜ அளவில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கி அப்படியே செய்திருக்கிறார். உள்ளேயே நுழையலாம். ஒரே இடுக்கு, மட்டமான வெளிச்சம், பேச்சுச் சத்தம், கிளாஸ் மோதுகிற சத்தம், பழைய எண்ணெய் வாடை. உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் முகம் இருக்கிற இடத்தில் கடிகாரம். எல்லாக் கடிகாரத்திலும் மணி 10:10. கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் மனித முகம். வெளியே பேப்பர் ஸ்டாண்டில் வியட்நாமில் குழந்தைகள் குழந்தைகளைக் கொல்வதாகத் தலைப்புச் செய்தி, அதைப் பார்த்த பிறகுதான் கீன்ஹோல்ஸுக்கு இதைச் செய்யத் தோன்றியது. உள்ளே குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை, மணி நகரவில்லை. நவீன கலை புரியவில்லை என்று சொல்கிற யாரையும் நான் முதலில் இங்கேதான் கூட்டிப்போவேன். மாமா வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பார்லேயும் இதே மூஞ்சிதான் மாப்பிள்ளை" என்றார்.

அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் வேறு மாதிரி. 'சிவப்பு, மஞ்சள், நீலத்துக்கு யார் பயப்படுவது' வரிசையில் மூன்றாவது ஓவியம், ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம், ஏறக்குறைய முழுக்கச் சிவப்பு, ஒரு ஓரம் நீலம், ஒரு ஓரம் மஞ்சள். 1986-இல் ஒருவன் வந்து அதைக் கத்தியால் நீளநீளமாகக் கிழித்தான். நியூயார்க்கில் ஒரு நிபுணரிடம் கொடுத்துச் சரிசெய்து 1991-இல் திரும்பி வந்தபோது, உருளையை வைத்து மேலேயே பெயின்ட் அடித்துவிட்டார் என்று குற்றச்சாட்டு எழுந்து, வழக்கு அது இது என்று வருஷக்கணக்கில் இழுத்தது. நியூமன் மெல்லிய அடுக்கு அடுக்காகப் பூசிய சிவப்பு அது, ஒரே தட்டையான சிவப்பாகத் திரும்பி வந்ததென்று பார்த்தவர்கள் சொன்னார்கள். 1997-இல் அதே ஆள் மறுபடி வந்தான். தேடிவந்த ஓவியம் சுவரில் இல்லை, அதனால் நியூமனின் இன்னொரு ஓவியமான 'கதீட்ரா'வைக் கிழித்தான். ஆழமான நீலம், அதுவும் ஐந்து மீட்டருக்கு மேல். இந்தத் தடவை மியூசியத்தின் சொந்த மறுசீரமைப்பாளர்களே உட்கார்ந்தார்கள். அறுவை சிகிச்சைக்கான வளைந்த ஊசியை வைத்து, துணியின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, வருஷக்கணக்கில் தைத்தார்கள். பெரிய ஓவியமென்று தூரத்தில் நின்று பார்க்காதீர்கள், கிட்டே வாருங்கள் என்று நியூமன் 1951-இல் தன் கண்காட்சியில் எழுதியே ஒட்டியிருந்தார். 'கதீட்ரா'வுக்குக் கிட்டே நின்றேன். மாமா ஓரத்துக்குப் போய், பூச்சு வேலை சோதிக்கிற பழக்கத்தில், சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் பார்த்தார். தையலைத் தேடினார். கிடைத்ததா என்று கேட்டேன். "ஒரு இடத்தில் இருக்கும்போலத் தெரியுது. ஆனா நல்லா செஞ்சிருக்காங்க. இதுக்குப் பொறுமை வேணும்" என்றார். அந்த நீலத்துக்குள் நான் போனேனா என்றால், போனேன். நேரம் தெரியவில்லை.

ஒரு மியூசியம் காப்பாற்றினால் மட்டும் போதாது, எப்படிக் கையில் வந்தது என்றும் சொல்ல வேண்டும். ரஷ்ய ஓவியர் மலேவிச் 1927-இல் பெர்லினுக்குத் தன் ஓவியங்களைக் கொண்டுவந்து காட்சி வைத்து, பாதியிலேயே ஊருக்குத் திரும்ப வேண்டிவந்து, ஓவியங்களை அங்கேயே விட்டுப் போனார். திரும்பி வரவே முடியவில்லை, 1935-இல் இறந்துவிட்டார். அதில் பெரும் பகுதியை 1958-இல் சாண்ட்பெர்க் காலத்தில் ஸ்டேடலக் வாங்கியது. மலேவிச்சின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள், 2008-இல் சமரசமாகி 5 ஓவியங்களை மியூசியம் திருப்பிக் கொடுத்தது. மிச்சம் இங்கே இருக்கிறது. இன்னொன்று காண்டின்ஸ்கி 1909-இல் வரைந்த 'வீடுகளுள்ள ஓவியம்'. ஒரு யூதக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1940 அக்டோபரில், ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்து ஐந்து மாசத்தில், ஒரு ஏலத்தில் மியூசியம் அதை 160 கில்டருக்கு (யூரோவுக்கு முந்தைய டச்சுப் பணம்) வாங்கியது. குடும்பத்தார் கேட்டபோது, 2018-இல் அரசின் குழு, மியூசியத்துக்கு இந்த ஓவியம் ரொம்ப முக்கியம், அதனால் கொடுக்க வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னது. நாட்டிலும் வெளியிலும் அதற்குப் பெரிய எதிர்ப்பு. கடைசியில் 2022-இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் ஓவியத்தைக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டது. கொடுத்ததுதான் சரி. ஒரு பக்கம் உயிரைப் பணயம் வைத்து அட்டைகளைக் கொளுத்திய ஆள், அதே கட்டடத்தின் பதிவேட்டில் 160 கில்டருக்கு ஒரு வரி. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த மியூசியத்தை நான் நேசிக்கிறேன், ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மியூசியத்தையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டம் போடாதீர்கள், போட்டால் ஸ்டேடலக்கைக் கடைசியில் வைக்காதீர்கள். ரெம்பிராண்டையும் வான்கோவையும் பார்த்து அலுத்த காலோடு வந்தால் நியூமன் வெறும் நீலச் சுவராகத்தான் தெரிவார். காலையில் பத்து மணிக்குத் திறந்த உடனே, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இங்கே வாருங்கள். முதலில் ஒரு சுற்றுச் சுற்றி பவுலுஸ் போட்டர் தெருப் பக்கம் போய்ப் பழைய முகப்பைப் பாருங்கள், புதிய வாசலுக்கு அப்புறம் வரலாம். பெரிய பையைக் கூடத்தில் வைத்துவிட வேண்டும். மேலே போகிறவர்கள் எஸ்கலேட்டரை விட்டுவிட்டு வைஸ்மனின் பெரிய படிக்கட்டில் ஏறுங்கள், பாதியில் நின்று சுவரைப் பாருங்கள். அந்த வெள்ளைக்கு அடியில் செங்கல்லின் வரிகள் இன்னும் லேசாகத் தெரியும்.